கப்பற்பெயரும் மரபுரிமையும்: 'ஆர்க் ராயல்' பெயர் தாங்கிய ஐந்து பிரித்தானியப் போர்க்கப்பல்கள்

முன்னுரை

தமிழில் மகனின் மகனையும் மகளின் மகனையும் குறிக்கும் 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் திரிபாகும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். உறவைக் குறிக்கும் சொல்லே பெயர்வழியாக அமைந்த மொழிக்குப் பெயரின் மரபுரிமை புதிய கருத்தன்று. சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களையும், பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்னும் பட்டங்களையும் மாறிமாறிச் சூடிவந்தமை கல்வெட்டாய்வாளர் நன்கறிந்ததே. மன்னனின் இயற்பெயர் இன்றிப் பட்டப்பெயர் மட்டும் பொறிக்கப்பட்ட கல்வெட்டு கிடைக்கும்போது, அது எந்தப் பரகேசரியைக் குறிக்கிறது என்று துணிவதில் எழும் இடர்ப்பாடும் அவர்கள் அறிந்ததே. ஒரே பெயர் பலருக்குரியதாகும்போது பெயர் தொடர்கிறது, ஆள் மறைகிறான்.

இதற்கு இணையானதொரு வழக்கம் பிரித்தானியக் கடற்படையில் உண்டு. மூழ்கிய கப்பல், உடைக்கப்பட்ட கப்பல், ஓய்வுபெற்ற கப்பல் ஆகியவற்றின் பெயர்களைப் புதிய கப்பல்களுக்கு இட்டு, பழைய கப்பல் பெற்ற புகழையும் புதியதற்கு உரித்தாக்குவது அவ்வழக்கம். இவ்வாறு வந்த பெயர்களுள் 'ஆர்க் ராயல்' என்பது பெரும்புகழ் வாய்ந்தது. 1588ஆம் ஆண்டு ஸ்பானிய அர்மடாவை எதிர்த்த கப்பலும், 2003ஆம் ஆண்டு ஈராக் போரில் ஈடுபட்ட கப்பலும் அப்பெயரையே தாங்கின. நான்கு நூற்றாண்டுக்கு மேலாக அறுபடாது வந்த மரபாக இது பொதுவாகப் போற்றப்படுகிறது.

இம்மரபு உண்மையில் அறுபடாதது தானா, பெயருடன் எவை கையளிக்கப்படுகின்றன, எவை கைவிடப்படுகின்றன என்னும் வினாக்களுக்கு அப்பெயர் தாங்கிய ஐந்து கப்பல்களின் வரலாற்றைக் கொண்டு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

1. முதற் கப்பலும் பெயரின் பிறப்பும்

முதல் ஆர்க் ராயல் பிறக்கும்போது அப்பெயரைப் பெற்றிருக்கவில்லை. வால்ட்டர் ராலே தம் சொந்தத் தேவைக்காக டெட்ஃபோர்டில் கட்டுவித்த கப்பல் அது. கப்பலின் பெயருடன் உடைமையாளரின் பெயரைச் சேர்த்து வழங்கும் அக்கால வழக்கப்படி அது 'ஆர்க் ராலே' எனப்பட்டது. 'ஆர்க்' என்பது பேழையைக் குறிக்கும் சொல். நோவாவின் பேழை என்று தமிழ் விவிலியம் வழங்குவது இதனையே. 1587இல் முதலாம் எலிசபெத் அரசி இக்கப்பலை 5,000 பவுண்டுக்கு வாங்கினார். அத்தொகை ரொக்கமாகத் தரப்படவில்லை. ராலே அரசிக்குச் செலுத்தவேண்டியிருந்த கடனிலிருந்து கழிக்கப்பட்டது. உடைமை மாறியதும் உடைமையாளரின் பெயர் நீங்கி, அரசுரிமையைக் குறிக்கும் 'ராயல்' என்னும் அடை அவ்விடத்தைப் பெற்றது. பிற்காலத்தில் பெருமிதத்தின் சின்னமாகக் கருதப்பட்ட பெயர் ஒரு கடன்கணக்கின் தீர்வில் தோன்றியது என்பது நோக்கத்தக்கது.

1588இல் ஸ்பானிய அர்மடாவை எதிர்கொண்ட ஆங்கிலக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கிய சார்லஸ் ஹோவர்ட் பிரபு ஆர்க் ராயலையே தம் தலைமைக் கப்பலாகக் கொண்டார். அரசி இக்கப்பலுக்குச் செலவிட்ட பணம் வீண்போகவில்லை என்று அவர் பர்லி பிரபுவுக்கு எழுதியுள்ளார். 1596இல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தின்மீது நடந்த வெற்றிகரமான தாக்குதலிலும் இது ஹோவர்டின் தலைமைக் கப்பலாக விளங்கியது. ஆர்க் ராயல் என்னும் பெயரின் புகழுக்கு அடிப்படையான நிகழ்ச்சிகள் இவ்விரண்டுமேயாம்.

எலிசபெத்திற்குப்பின் அரியணையேறிய முதலாம் ஜேம்ஸ் காலத்தில், 1608இல், இக்கப்பல் வுல்விச்சில் மீளக் கட்டப்பட்டது. அப்போது மன்னரின் துணைவியார் டென்மார்க்கின் ஆன் அரசியாரைச் சிறப்பிக்கும் வகையில் 'ஆன் ராயல்' எனப் பெயர் மாற்றப்பட்டது. அர்மடாப் போர் நிகழ்ந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. அதில் ஈடுபட்டோர் பலர் உயிருடன் இருந்தனர். எனினும் போரில் தலைமை தாங்கிய கப்பலின் பெயரைக் காக்கவேண்டும் என்னும் எண்ணம் அக்கால அரசவைக்கு எழவில்லை. ஆளும் மன்னரின் குடும்பத்தைச் சிறப்பிப்பதே அவர்களுக்கு முதன்மையாக இருந்தது.

ஆன் ராயல் 1625இல் மீண்டும் காடிஸ் நோக்கிச் சென்ற படையெடுப்பில் தலைமைக் கப்பலாக இருந்தது. அப்படையெடுப்பு படுதோல்வியில் முடிந்தது. 1636இல் இக்கப்பல் தன் நங்கூரத்தாலேயே அடிப்புறம் துளைக்கப்பட்டு மூழ்கியது. பெருஞ்செலவில் மேலே தூக்கப்பட்டும் பயன்படாது போகவே, 1638இல் உடைக்கப்பட்டது. வெற்றிகள் ஆர்க் ராயல் என்னும் பெயரோடும், தோல்வியும் விபத்தும் ஆன் ராயல் என்னும் பெயரோடும் நின்றுவிட்டன. கப்பல் ஒன்றே ஆயினும் அதன் வரலாறு இரு பெயர்களுக்கிடையே இவ்வாறு பங்கிடப்பட்டது. இப்பங்கீடு தற்செயலாக நேர்ந்ததே எனினும் பிற்கால மரபுக்கு அது வாய்ப்பாக அமைந்தது.

2. மூன்று நூற்றாண்டு இடைவெளி

1608ஆம் ஆண்டுக்கும் 1914ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட 306 ஆண்டுகளில் ஆர்க் ராயல் என்னும் பெயரில் எந்தப் போர்க்கப்பலும் இல்லை. இவ்விடைவெளி, அப்பெயரின் வரலாற்றில் மிக முதன்மையான செய்தி என்பது இக்கட்டுரையின் கருத்து.

இக்காலத்தில் கடற்படை பெயர்களை மீளப் பயன்படுத்தாமல் இல்லை. 'விக்டரி' என்னும் பெயர் மீண்டும் மீண்டும் இடப்பட்டது. 1744இல் அப்பெயர் கொண்ட கப்பல் ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கிய பின்னரும், 1765இல் நீரிலிறக்கப்பட்ட புதிய கப்பலுக்கு அதே பெயர் இடப்பட்டது. 1805இல் டிரஃபால்கர் போரில் நெல்சனின் தலைமைக் கப்பலாக விளங்கியது அதுவே. பகைவரின் பெயர்களும் இவ்வகையில் உள்வாங்கப்பட்டன. 1758இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய 'ஃபூட்ராயான்' கப்பலும், 1759இல் கைப்பற்றிய 'டெமெரேர்' கப்பலும் அப்பெயர்களுடனேயே பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தன. பின்னர் பிரித்தானியாவிலேயே கட்டப்பட்ட புதிய கப்பல்களுக்கும் அப்பிரெஞ்சுப் பெயர்கள் இடப்பட்டன. வென்றவரின் பெயரேட்டில் தோற்றவரின் பெயரும் வெற்றியின் அடையாளமாயிற்று.

பெயர்களைப் பேணும் வழக்கம் இவ்வளவு வலுவாக இருந்த காலத்திலும் ஆர்க் ராயல் என்னும் பெயர் முந்நூறு ஆண்டு தீண்டப்படாது கிடந்தது. ஆகவே அப்பெயர் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டு வந்தது என்பது பொருந்தாது. அது மறக்கப்பட்டிருந்து பின்னர் மீட்டெடுக்கப்பட்ட பெயராகும். சோழரின் பட்டப்பெயர்கள் ஒரு விதிப்படி மாறிமாறி வந்தன. பிரித்தானியக் கப்பற்பெயர்களுக்கு அத்தகைய விதி இல்லை. அந்தந்தக் காலத்தின் தேவையே பெயரைத் தேர்ந்தெடுத்தது.

3. பெயரின் மீட்பு: 1914

1914இல் பிளைத் என்னும் ஊரில் வணிகக் கப்பலாகக் கட்டத் தொடங்கப்பட்டிருந்த ஒரு கப்பலைக் கடற்படை அமைச்சகம் விலைக்கு வாங்கிக் கடல் விமானங்களைச் சுமக்கும் கப்பலாக மாற்றியமைத்தது. அது 1914 செப்டம்பரில் நீரிலிறக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் பணியில் சேர்ந்தது. அதற்கு ஆர்க் ராயல் என்று பெயரிடப்பட்டது.

இக்கப்பல் பெரிய போர்க்கப்பலன்று. மணிக்கு ஏறத்தாழ 11 கடல்மைல் விரைவே கொண்டது. கப்பற்படையின் பிற கப்பல்களுடன் இணைந்து செல்லவும் இயலாதது. ஆயினும் வானூர்தியைக் கடற்போரில் பயன்படுத்தும் முயற்சியில் அது முன்னோடி. 1915இல் டார்டனெல்ஸ் போரில் அதன் கடல் விமானங்கள் வேவு பார்க்கும் பணியில் ஈடுபட்டன. போருக்குப்பின் 1920இல் சோமாலிலாந்தில் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்தோரை ஒடுக்க அனுப்பப்பட்ட வானூர்திகளைச் சுமந்து சென்றதும் இக்கப்பலே. முற்றிலும் புதியதொரு கப்பல்வகைக்கு மிகப் பழையதொரு பெயர் இடப்பட்டமை இங்குச் சிந்தித்தற்குரியது. முன்மாதிரி இல்லாத கப்பலுக்குப் பெயரே ஒரு முன்னோரைத் தேடித் தந்தது.

பெயரிடுதல் அக்காலத்தில் எத்துணை அரசியல் சார்ந்தது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1911 முதல் 1915 வரை கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், புதிய பெரும் போர்க்கப்பல் ஒன்றிற்கு 'ஆலிவர் கிராம்வெல்' என்று பெயரிட விரும்பினார். மன்னரைக் கொன்று குடியரசு நிறுவிய தலைவரின் பெயரை மன்னரின் கப்பலுக்கு இட ஐந்தாம் ஜார்ஜ் இசையவில்லை. அப்பெயர் கைவிடப்பட்டது. கப்பலுக்கு எப்பெயர் இடப்படுகிறது என்பதைப் போலவே எப்பெயர் மறுக்கப்படுகிறது என்பதும் வரலாற்றுச் சான்றாகும்.

4. உயிருடன் இருந்த கப்பலிடமிருந்து பெயரை நீக்குதல்: 1934

ஆர்க் ராயல் பெயரின் வரலாற்றில் பெரிதும் பேசப்படாத நிகழ்ச்சி 1934இல் நடந்தது. புதியதொரு பெரும் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்ட அரசு திட்டமிட்டது. அதற்கு ஆர்க் ராயல் என்னும் பெயர் வேண்டப்பட்டது. ஆனால் 1914ஆம் ஆண்டுக் கப்பல் அப்போதும் கடற்படையில் பணியில் இருந்தது. ஆகவே அதன் பெயர் 'பெகாசஸ்' என்று மாற்றப்பட்டது. அதுவும் வழிவந்த பெயரே. அப்பெயர் கொண்ட சிறு போர்க்கப்பல் ஒன்று 1914 செப்டம்பரில் சான்சிபாரில் செருமானியக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டிருந்தது.

மரபுரிமை என்பது இறந்தோரிடமிருந்து இருப்போர்க்கு வருவது. இங்கோ இருப்பவரிடமிருந்து பெயர் நீக்கப்பட்டு, இனிப் பிறக்கப்போகும் ஒருவருக்குத் தரப்பட்டது. டார்டனெல்ஸில் பணியாற்றிய கப்பல் தன் பெயரையும் அதனோடு சேர்ந்த சிறப்பையும் இழந்து வேறொரு பெயரில் வாழ்ந்தது. பெகாசஸ் இரண்டாம் உலகப்போர் முழுமையும் பணியாற்றி, 1946இல் விற்கப்பட்டது. அதன் பெயரைப் பெற்ற கப்பலோ 1941லேயே மூழ்கிவிட்டது. பெயரை இழந்த கப்பல் பெயரைப் பெற்ற கப்பலைவிட நெடிது வாழ்ந்தது.

5. மூன்றாம் கப்பலும் புகழின் உச்சமும்

பர்க்கன்ஹெட்டில் உள்ள கேமல் லெயர்டு தளத்தில் கட்டப்பட்ட மூன்றாம் ஆர்க் ராயல் 1937 ஏப்ரல் 13 அன்று நீரிலிறக்கப்பட்டு, 1938 டிசம்பரில் பணியில் சேர்ந்தது. இன்று அப்பெயரைக் கேட்பவர் பலரும் நினைவுகொள்வது இக்கப்பலையே.

இதன் புகழைத் தொடங்கிவைத்தோர் பகைவரே எனலாம். 1939 செப்டம்பரில் செருமானிய வானூர்திகள் இக்கப்பலைத் தாக்கின, குண்டுகள் குறிதவறின. ஆனால் கப்பல் மூழ்கிவிட்டது என்று செருமானிய வானொலி மீண்டும் மீண்டும் அறிவித்தது. ஆர்க் ராயல் எங்கே என்று அது எழுப்பிய வினா பிரித்தானியாவில் நகைப்புக்குரிய தொடராயிற்று. கப்பல் திரும்பத் திரும்பத் துறைமுகம் வந்துசேர்ந்தபோது, அழியாத கப்பல் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியது.

1941 மே 26 அன்று இக்கப்பலிலிருந்து புறப்பட்ட 'சுவார்டுஃபிஷ்' வகை இரட்டைச்சிறகு வானூர்திகளின் நீர்மூழ்கிக் குண்டு ஒன்று செருமானியப் பெருங்கப்பலான பிஸ்மார்க்கின் சுக்கானைச் செயலிழக்கச் செய்தது. மறுநாள் பிஸ்மார்க் மூழ்கியது. அதே மே 26 அன்று சற்று முன்னர், இவ்வானூர்திகள் பிரித்தானியக் கப்பலான 'ஷெஃபீல்டு' என்பதைப் பகைவர் கப்பலென மயங்கித் தாக்கியதும் நடந்தது. அது நல்வாய்ப்பாகத் தப்பியது. மக்கள் நினைவில் நின்றது முன்னைய நிகழ்ச்சியே.

1941 நவம்பர் 13 அன்று ஜிப்ரால்டருக்கு அருகே செருமானிய நீர்மூழ்கியான யு-81 இக்கப்பலைத் தாக்கியது. மறுநாள் அது மூழ்கியது. ஒரு மாலுமி உயிரிழந்தார், ஏனையோர் காப்பாற்றப்பட்டனர். கப்பலின் தலைவர் 1942இல் படைத்துறை நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, சேதத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகளில் கவனக்குறைவாக இருந்தார் என்று குற்றவாளியாகக் காணப்பட்டார். கப்பலின் புகழ் அடுத்த கப்பலுக்குச் சென்றது. இத்தீர்ப்பு ஆவணக்காப்பகத்திற்குச் சென்றது. 2002இல் கடலடியில் இக்கப்பலின் சிதைவுகள் கண்டறியப்பட்டன.

6. இழப்பும் பெயரேற்பும்

மூன்றாம் கப்பலின் இழப்புக்குப் பின்னரே ஆர்க் ராயல் என்பது கடற்படையின் பெயர் என்னும் நிலையிலிருந்து மக்களின் பெயர் என்னும் நிலைக்கு வந்தது. லீட்ஸ் நகர மக்கள் 1942இன் தொடக்கத்தில் இழந்த கப்பலுக்கு ஈடாகப் புதியதைக் கட்டச் சேமிப்புப் பத்திரங்கள் முதலியவற்றின் வழி 90 இலட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினர். கடற்கரை இல்லாத உள்நாட்டுத் தொழில்நகரம் ஒன்று கப்பலின் பெயரைத் தன் பெயராகக் கருதியது. பெயர்மரபு என்பது ஆட்சியாளர் மேலிருந்து புனைந்தளித்தது மட்டுமன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி வலுவான சான்று. 1983இல் ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் பதிப்பித்த நூல்வழிப் பரவிய 'புனையப்பட்ட மரபு' என்னும் கருத்தாக்கத்தை இங்கு அப்படியே பொருத்திப் பார்த்தல் முழுமையாகாது. பெயரின் தொன்மை புனையப்பட்டிருக்கலாம். அப்பெயர்மீது மக்கள் கொண்ட பற்றும் அதற்காக ஈந்த பொருளும் புனைவல்ல.

நான்காம் கப்பலின் கட்டுமானம் 1943இல் தொடங்கியது. அப்போது அதற்குக் குறிக்கப்பட்டிருந்த பெயர் 'இர்ரெசிஸ்டிபிள்' என்பதாகும். 1945இல் அது ஆர்க் ராயல் என மாற்றப்பட்டது. அதன் உடன்பிறப்புக் கப்பலுக்கு முதலில் குறித்த பெயர் 'ஆடேஷஸ்'. 1942இல் மூழ்கிய 'ஈகிள்' கப்பலின் நினைவாக அதுவும் 1946இல் 'ஈகிள்' ஆயிற்று. போரில் இழந்த இரு விமானந்தாங்கிகளின் பெயர்கள் கட்டுமானத்தில் இருந்த இரு கப்பல்களுக்குச் சூட்டப்பட்டமையைக் காணும்போது, இங்குப் பெயரிடுதல் நீத்தார் நினைவுச் சடங்கிற்கு ஒப்பாக அமைந்தது எனலாம்.

நான்காம் ஆர்க் ராயல் 1950 மே 3 அன்று ஆறாம் ஜார்ஜின் துணைவியார் எலிசபெத் அரசியாரால் நீரிலிறக்கப்பட்டு, 1955இல் பணியில் சேர்ந்தது. 1976இல் பிபிசி ஒளிபரப்பிய தொடரொன்று இக்கப்பலின் அன்றாட வாழ்க்கையை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. 1979இல் அது பணியிலிருந்து நீக்கப்பட்டது. அருங்காட்சியகமாகக் காக்கும் முயற்சி பயனளிக்கவில்லை; 1980இல் உடைப்புத்தளம் சென்றது.

ஐந்தாம் கப்பலுக்கு முதலில் குறிக்கப்பட்ட பெயர் 'இண்டாமிட்டபிள்'. நான்காம் கப்பலின் முடிவால் மக்களிடையே எழுந்த மனக்குறையைத் தணிக்கும் பொருட்டு அதற்கு ஆர்க் ராயல் என்று பெயர் மாற்றப்பட்டது. 1981 ஜூன் 2 அன்று அதனை நீரிலிறக்கியவரும் முன்னைய கப்பலை நீரிலிறக்கிய எலிசபெத் அரசியாரே. அப்போது அவர் அரசித்தாய் என வழங்கப்பட்டார். 1985இல் பணியில் சேர்ந்த இக்கப்பல் 2003இல் ஈராக் போரில் ஈடுபட்டது. 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்புத்துறை மறுஆய்வில் செலவுக் குறைப்பின் பொருட்டு விலக்கப்பட்டு, 2011 மார்ச்சில் பணி முடித்தது. 2013இல் துருக்கியில் உடைக்கப்படச் சென்றது. அதன்பின் 2017இலும் 2019இலும் பணியில் சேர்ந்த இரு பெரும் விமானந்தாங்கிகள் 'குயின் எலிசபெத்', 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்று பெயர்பெற்றன. பின்னது 1941 டிசம்பரில் மலாயாக் கரைக்கு அப்பால் ஜப்பானியரால் மூழ்கடிக்கப்பட்ட கப்பலின் பெயர். ஆர்க் ராயல் என்னும் பெயரில் இன்று பிரித்தானியக் கடற்படையில் கப்பல் எதுவும் இல்லை.

ஐந்து கப்பல்களையும் தொகுத்து நோக்கினால், முதலாவது, நான்காவது, ஐந்தாவது ஆகிய மூன்றும் வேறு பெயருடன் கருக்கொண்டவை என்பதும், இரண்டாவது அப்பெயரை இழந்தே முடிவெய்தியது என்பதும், முதலாவதும் அவ்வாறே பெயர் மாறிய பின் முடிந்தது என்பதும் புலனாகும். தொடக்கமுதல் இறுதிவரை ஆர்க் ராயல் என்னும் ஒரே பெயருடன் வாழ்ந்தது மூன்றாவது கப்பல் ஒன்றே.

7. போர்ச்சிறப்புப் பட்டியல்

பெயருடன் கையளிக்கப்படுவது யாது? கடற்படையின் விடை தெளிவானது: போர்ச்சிறப்பு. ஒரு பெயர் தாங்கிய கப்பல்கள் பங்கேற்ற போர்களின் பட்டியல் பலகையில் பொறிக்கப்பட்டு, அப்பெயர் ஏற்கும் புதிய கப்பலில் வைக்கப்படுகிறது. இம்முறை தொன்மையானதாகத் தோன்றினும், அதற்கான முறையான விதிகளும் ஏற்கப்பட்ட பட்டியலும் 1954இல்தான் வகுக்கப்பட்டன. எனவே 1588இன் புகழ் விதிப்படி 'உரிமை'யானது நான்காம் கப்பல் பணியில் சேர்வதற்குச் சற்று முன்னரேயாகும்.

ஆர்க் ராயலுக்குரிய பட்டியல் பின்வருமாறு: அர்மடா 1588, காடிஸ் 1596, டார்டனெல்ஸ் 1915, நார்வே 1940, ஸ்பார்ட்டிவென்டோ 1940, மத்தியதரைக்கடல் 1940–41, பிஸ்மார்க் 1941, மால்ட்டா வணிகக்கப்பல் காவல் 1941, அல் ஃபா 2003.

இப்பட்டியலில் இருப்பனவற்றைப் போன்றே இல்லாதனவும் கருதத்தக்கன. டார்டனெல்ஸ் சிறப்பு, அப்போரில் ஈடுபட்ட கப்பலுடன் செல்லாமல் அதனிடமிருந்து நீக்கப்பட்ட பெயருடன் சென்றது. 1625இன் காடிஸ் தோல்வி, ஆன் ராயலுக்குரியதாதலின் இடம்பெறவில்லை. 1940 ஜூலை 3 அன்று அல்ஜீரியாவின் மெர்ஸ்-எல்-கெபிர் துறைமுகத்தில், சில நாட்களுக்கு முன்வரை நட்புநாடாக இருந்த பிரான்சின் கப்பல்களைப் பிரித்தானியப் படை தாக்கியது. ஏறத்தாழ 1,300 பிரெஞ்சு மாலுமிகள் மாண்டனர். ஆர்க் ராயலின் வானூர்திகளும் அதில் பங்கேற்றன. அந்நாள் பட்டியலில் இல்லை. சிறப்பிக்கத் தக்கவற்றின் பட்டியலில் அது இடம்பெறாமை இயல்பே. ஆயின், பட்டியலையே கப்பலின் வரலாறாகக் கொள்ளும் ஆய்வாளர் கண்ணுக்கு அம்மாலுமிகள் தென்படமாட்டார்கள்.

8. கப்பல் ஒன்று, பெயர் இரண்டு: இந்தியத் தொடர்புடைய சான்றுகள்

பெயரும் கப்பலும் வெவ்வேறு வழிச் செல்வதற்கு இந்தியாவோடு தொடர்புடைய இரு சான்றுகளை ஈண்டுக் காட்டலாம்.

பம்பாயில் வாடியா குடும்பத்தாரால் தேக்குமரத்தில் கட்டப்பட்டு 1817இல் நீரிலிறக்கப்பட்ட 'டிரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல், 1782இல் திருகோணமலைக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவாகப் பெயர்பெற்றது. நெல்சனின் கொடி பறந்த 'ஃபூட்ராயான்' 1897இல் பிளாக்பூல் கரையில் புயலில் சிதைந்தபோது, அதன் உடைமையாளர் டிரிங்கோமலியை வாங்கி அதற்கு ஃபூட்ராயான் என்று பெயரிட்டார். பிரெஞ்சுக்காரரிடம் கைப்பற்றிய பெயர் இவ்வாறு பம்பாய்த் தேக்கின்மீது ஏறியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மறைந்திருந்த திருகோணமலையின் பெயர் 1992இல் மீண்டும் அக்கப்பலுக்கு அளிக்கப்பட்டது. ஹார்ட்டில்பூலில் இன்று அது அப்பெயருடனேயே காட்சிக்கு உள்ளது. புகழ்பெற்றதொரு பெயரை நீக்கி, புகழ் குறைந்த இயற்பெயரை மீட்டமை அரிதாக நிகழ்வதாகும்.

1939இல் தென்னமெரிக்கக் கடலில் நடந்த பிளேட் ஆற்றுமுகப் போரில் செருமானியக் கப்பலை எதிர்த்த 'அக்கிலிஸ்' என்னும் கப்பல் 1948இல் இந்தியாவுக்கு விற்கப்பட்டு 'டெல்லி' ஆயிற்று. இந்தியக் கடற்படையில் 1978 வரை பணியாற்றியது. அக்கிலிஸ் என்னும் பெயரோ பிரித்தானியாவிலேயே தங்கி, 1970இல் பணியில் சேர்ந்த வேறொரு கப்பலுக்குச் சென்றது. 2025 ஜனவரியில், 'அஜின்கோர்ட்' எனப் பெயரிடப்படவிருந்த அணுசக்தி நீர்மூழ்கிக்கு அக்கிலிஸ் என்னும் பெயர் அறிவிக்கப்பட்டது. 1415இல் பிரெஞ்சுக்காரரை வென்ற போரின் பெயர் விலக்கப்பட்டமை அந்நாட்டில் விவாதத்தை எழுப்பியது. பெயரிடுதல் இன்றும் அரசியற் செயலே என்பதை இது காட்டும்.

இந்தியக் கடற்படையும் இவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டுள்ளது. டெல்லி என்னும் பெயர் இந்தியாவிலேயே கட்டப்பட்டு 1997இல் பணியில் சேர்ந்த புதிய கப்பலுக்கு இடப்பட்டது. 1961 முதல் 1997 வரை பணியாற்றிய 'விக்ராந்த்' என்னும் பெயர், கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பரில் பணியில் சேர்ந்த விமானந்தாங்கிக்கு அளிக்கப்பட்டது. பழைய விக்ராந்த் பிரித்தானியாவில் 'ஹெர்குலிஸ்' என்னும் பெயருடன் கட்டத் தொடங்கப்பட்டதே. வாங்கிய கப்பலின் பெயர், தானே கட்டிய கப்பலுக்குச் சென்றபோது அதன் பொருளும் மாறியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

ஆர்க் ராயல் என்னும் பெயரின் நானூறாண்டு மரபு, இடையறாத் தொடர்ச்சி உடையதன்று. அது 1608இல் கைவிடப்பட்டு, 1914இல் மீட்கப்பட்டு, 1934க்குப்பின் வளர்ந்து, 1954இல் விதிமுறை பெற்ற மரபாகும்.

ஒவ்வொரு முறையும் பெயரிடுதல் ஒரு முடிவாகவே எடுக்கப்பட்டது. கடன் தீர்த்தல், அரச குடும்பத்தைச் சிறப்பித்தல், புதுக் கருவிக்குத் தொன்மை தேடல், இழப்பை ஆற்றல், மக்களின் மனக்குறையைத் தணித்தல் என அம்முடிவுகளின் காரணங்கள் காலந்தோறும் வேறுபட்டன.

பெயர் வெற்றிகளைச் சுமந்து செல்கிறது. தோல்விகளும், பிழைகளும், பிறருக்கு விளைத்த இழப்புகளும் பெயருடன் பயணம் செய்வதில்லை.

ஆயினும், பெயர்மீது மக்கள் கொண்ட பற்று மெய்யானது. லீட்ஸ் நகர மக்களின் ஈகையே அதற்குப் போதிய சான்று.

கப்பற்பெயர்களின் பட்டியலைக் கால்வழிப் பட்டியலாகக் கொள்வது ஆய்வில் பிழைக்கு வழிவகுக்கும். பரகேசரி என்று மட்டும் பொறித்த கல்வெட்டைக் காணும் ஆய்வாளர், எந்தப் பரகேசரி என்று முதலில் வினவுகிறார். அரசுகளும் படைகளும் தம் தொன்மையைப் பெயர்களால் நிறுவ முற்படும் இடங்களிலெல்லாம் அவ்வினாவையே எழுப்புதல் வேண்டும். பேரனுக்குப் பாட்டன் பெயரை இடுவது அன்பின் செயல். பேரன்தான் பாட்டன் என்று எழுதுவது வரலாறாகாது.